மூளைக்கு ஒரு பங்கு, கண்ணுக்கு இரண்டு பங்கு

சென்டர்காரர் வைண்டிங்காரருக்குத் தர வேண்டியிருந்த கடன் முப்பத்தாறாயிரம். வட்டிக்குக் கொடுத்ததல்ல, கைமாற்றும் அல்ல. எட்டு கேமிங் மெஷின் கட்டிக் கொடுத்த கூலி. மெஷின் ஒன்றுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. பதினைந்து நாளில் தருகிறேன் என்று சொன்ன மனிதர் மூன்று மாதம் இழுத்தடித்தார். அதோடு விட்டாரா? "படிக்காத ஏமாத்துக்காரனை நம்பி மோசம் போயிட்டேன்" என்று கடைவீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கூலி வராததைக்கூட வைண்டிங்காரர் பொறுத்துக்கொண்டிருப்பார். இந்தப் பேச்சைப் பொறுத்துக்கொள்ள அவர் என்ன மரக்கட்டையா?

வைண்டிங்காரர் என்பது பழைய தொழிலால் வந்த பெயர். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். பதினாறு வயதில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்ற உட்கார்ந்து, இருபத்தாறு வருடம் அதே முக்காலியில் சுற்றினார். அவர் கைபட்ட மோட்டார் எரிந்துபோய்த் திரும்பி வந்தது என்று ஒரு ஆள் சொல்லட்டும் பார்க்கலாம். பிறகு, ஃபேன் நின்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிற காலம் வந்தது. கடைக்கு வாரம் ஒரு மோட்டார் வந்தால் பெரிது. வேறொருவராக இருந்தால் கடையைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்திருப்பார். இவர், மூடப்போகும் ஒரு அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு பழைய கம்ப்யூட்டர்களை எடைக்கு வாங்கி வந்தார். எந்தப் பாகம் எதற்கு என்று கழற்றிப் பார்த்துப் பார்த்தே பதினொன்றை நாசமாக்கினார். பன்னிரண்டாவது ஓடியது. எந்தக் கல்லூரியில் இந்தப் பாடம் நடத்துகிறார்கள்? ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சொன்னால் விழிப்பார். ஆனால் ஒரு புராசஸரின் எண்ணைக் காட்டினால் அது எந்த வருடத்துச் சரக்கு, எந்த மதர்போர்டில் உட்காரும், என்ன விலைக்கு மேல் கொடுத்தால் ஏமாளித்தனம் என்று மூச்சுவிடாமல் சொல்வார்.

கடை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போனால் வலது பக்கம். பத்தடிக்கு எட்டடி. உள்ளே நீளமான மேசையில் அவர். வாசலை ஒட்டிய சின்ன மேசையில் கணக்கு நோட்டும் போனுமாக அவர் மனைவி. சாமான் வாங்குவது, விற்பது, யார் எத்தனை நாள் கடன் சொன்னார்கள் என்பதெல்லாம் அந்த அம்மாளின் தலைக்குள் இருக்கும். நோட்டு சும்மா சாட்சிக்கு.

சென்டர்காரர் இரண்டு தெரு தள்ளி பிரௌசிங் சென்டர் வைத்திருந்தவர். எல்லார் கையிலும் போன் வந்தபின் அங்கே விண்ணப்பம் அச்செடுக்கக்கூட ஆள் வரவில்லை. அதை கேம் சென்டராக மாற்ற முடிவு செய்து, ஒருநாள் காலையில் ஒரு பளபளக் காகிதத்தோடு படியேறி வந்தார்.

"அண்ணே, இந்த லிஸ்ட்ல இருக்கிற மாதிரியே எட்டு மெஷின் வேணும். விலையை மட்டும் கொஞ்சம் கொறச்சுக்குங்க."

வைண்டிங்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

"புராசஸர் பதினேழாயிரத்து ஐந்நூறு. கிராபிக்ஸ் கார்டு ஆறாயிரத்து ஐந்நூறு. எந்த மகானுபாவன் எழுதிக் குடுத்தது இது?"

"என் மச்சான் அண்ணே. மெயின் ரோட்டு ஷோரூம்ல சேல்ஸ்ல இருக்கான். டிகிரி படிச்சவன்."

"டிகிரி கெடக்கட்டும். உங்க சென்டர்ல கேம் விளையாடப் போறாங்களா, இல்ல ராக்கெட் விடக் கணக்குப் போடப் போறாங்களா?"

"கேம்தாண்ணே."

"அப்ப கேளுங்க. புராசஸர்னா மூளை. கார்டுதான் கண்ணு. கேம்ல ஓடுற ஆளு, மரம், மழை, புகை அத்தனையையும் வரையறது கார்டு. அஞ்சு குதிரை மோட்டாரை வாங்கி வச்சுட்டு அரை இன்ச் பைப் போட்டா மாடிக்குத் தண்ணி ஏறுமா? உங்க மச்சான் எழுதினது அந்த அரை இன்ச் பைப்பு."

"அப்ப புராசஸரை நாலாயிரத்துக்கே போட்டுட்டா?"

"அதுவும் தப்பு. மூளை மந்தமா இருந்தா, அடுத்து என்ன வரையணும்னு சொல்ல ஆள் இல்லாம கார்டு கையக் கட்டிக்கிட்டு நிக்கும். மூளைக்கு ஒரு பங்கு, கண்ணுக்கு ரெண்டு பங்கு. சின்ன பட்ஜெட்டுக்கு இதான் என் கணக்கு. உலகத்துல எவன் வந்து கேட்டாலும் இதேதான் சொல்வேன்."

அட்டைப்பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினார். புராசஸர் ஏழாயிரத்து ஐந்நூறு. கார்டு பதினைந்தாயிரத்து ஐந்நூறு. போர்டு, மெமரி, பவர் சப்ளை, பெட்டி எல்லாம் சேர்த்து பதினாலாயிரத்து ஐந்நூறு. கூலி நாலாயிரத்து ஐந்நூறு. ஆக நாற்பத்திரண்டாயிரம். மானிட்டர் சென்டரிலேயே இருந்தது. பாதி விலைக்குப் பழைய கார்டு கிடைக்குமே என்று சென்டர்காரர் இழுத்தபோது, "எங்கேயோ நாள் முழுக்க வெந்து தணிஞ்ச சரக்கு அது. அதை என் கையால மாட்ட மாட்டேன்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். எட்டு மெஷினுக்கு மூன்று லட்சத்து முப்பத்தாறாயிரம். மூன்று லட்சம் முன்பணம், மீதி பதினைந்து நாள் ஓட்டிப் பார்த்தபின். அந்த மூன்று லட்சமும் அப்படியே சாமானுக்குப் போனது. மீதிதான் அவர் கூலி.

அந்தப் புராசஸரில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் படம் காட்டும் வசதி உள்ளேயே இருக்கும். இன்னொன்றில் இருக்காது, கார்டு இல்லாவிட்டால் திரை இருட்டு. படம் இல்லாத ரகம் ஆயிரம் மலிவு. வைண்டிங்காரர் படம் உள்ள ரகத்தையே வாங்கினார். நாளைக்கு ஒரு கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போனாலும் அந்த இருக்கை செத்துக் கிடக்கக் கூடாது, டிக்கெட் பதிவு செய்யவாவது உதவட்டும் என்பது எண்ணம். அதற்காக, கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போர்டிலிருந்து படம் வரும்படி எட்டு மெஷினிலும் செட்டிங்கை மாற்றி வைத்தார்.

"ஆயிரம் மிச்சம் பண்ணியிருந்தா எட்டாயிரம் நம்ம கையில நின்னிருக்கும். அந்த ஆளு கேட்டாரா இதை?" என்றார் மனைவி.

"கேட்டுச் செய்யறது வேலை. கேக்காமச் செய்யறது தொழில்."

"இதை நோட்டுல எந்தப் பக்கம் எழுதறது, வரவா செலவா?"

எட்டையும் ஒவ்வொன்றாக மூன்று மணி நேரம் கனமான கேம் ஓட்டிப் பார்த்தார். வெண்ணெய் மாதிரி ஓடின. ஏற்றிக்கொண்டு போனால் சென்டரில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரைத் தேய்த்த தூள் முழங்கால் உயரத்துக்குப் பறந்தது.

"எறக்கி வச்சுட்டுப் போங்கண்ணே. நாளைக்கு மச்சான் வந்து மாட்டிடுவான்" என்றார் சென்டர்காரர்.

"நான் வந்து மாட்டித் தரேனே."

"மானிட்டர் கேபிள் செருகறதுக்கு நீங்க எதுக்கு இவ்வளவு தூரம்? அவன் தெனமும் அம்பது மெஷின் பாக்கிறவன்."

வைண்டிங்காரருக்கு மனசு வரவில்லை. கார்டோடு வந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடிகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, தூள் புகாமல் எட்டு கார்டின் பின்துளைகளிலும் ஒவ்வொன்றாகச் செருகி அடைத்துவிட்டுத்தான் இறங்கி வந்தார். பெற்ற பிள்ளைக்குக்கூட எவனும் இப்படிக் காது அடைத்துவிட மாட்டான்.

பதினைந்தாம் நாள் பாக்கியைக் கேட்கப் போனார். சென்டர்காரர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மச்சினன்தான் பேசினான். முப்பது வயது, கழுத்தில் அடையாள அட்டை, கையில் குளிர்பானம்.

"பெரியவரே, கேம் எல்லாம் திக்கித் திக்கி ஓடுது. வர்றவங்க காசைத் திருப்பிக் கேக்கறாங்க. ஏழாயிரத்து ஐந்நூறு புராசஸர்ல கேம் எப்படி ஓடும்? நான் எழுதின காம்போவை வாங்கியிருந்தா இந்தத் தலைவலி இல்ல."

"என் மெஷின் திக்குதா?"

"திக்காம? இதெல்லாம் படிச்சுத் தெரிஞ்சுக்கணும் சார். கண்ணு மூளைன்னு கதை சொல்ற விஷயம் இல்ல."

கதையா? இருபத்தாறு வருடம் கம்பி சுற்றி, பதினோரு கம்ப்யூட்டரைப் பலி கொடுத்துக் கற்றது கதையா? வைண்டிங்காரர் மெஷின் பக்கமே திரும்பவில்லை. "நான் டெஸ்ட் பண்ணிக் குடுத்த மெஷினை நானே மறுபடி டெஸ்ட் பண்ணணுமா? அப்படின்னா என் வாக்குக்கு என்ன மரியாதை? என் கூலியை எடுத்து வைங்க" என்று கத்தினார். சென்டர்காரர், "ஓடாத மெஷினுக்குக் கூலியா?" என்றார். அதோடு சண்டை முற்றிப் படியிறங்கி வந்தவர்தான். மூன்று மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. ரோஷம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மனைவிக்கு அது பிடிபடவில்லை.

"மோட்டார் ஓடலன்னு ஒரு ஆள் தூக்கிட்டு வந்தா நீங்க மோட்டாரைப் பாப்பீங்களா, தூக்கிட்டு வந்தவர் மூஞ்சியைப் பாப்பீங்களா?"

"அவன் என்னைப் படிக்காதவன்னு சொல்றான்டி."

"நீங்க படிக்காதவர்தானே? அதுல என்ன பொய்? ஏமாத்துக்காரர்னு சொல்றாங்க பாருங்க, அதுதான் பொய். அந்தப் பொய்யை இங்க உக்காந்து எப்படி ஒடைப்பீங்க?"

அவர் ஒரு பவர் சப்ளையைத் திறந்து துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான். அந்த மூன்று மாதத்தில் புதிதாக மெஷின் கட்ட ஒருவரும் படியேறவில்லை. விசாரித்து வந்தவர்கள் கீழே மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.

அப்புறம் ஒருநாள் மதியம் போன் வந்தது. மனைவி எடுத்து, கேட்டுவிட்டு, ஒலிபெருக்கியில் போட்டார்.

"உங்க மெஷின் ஒண்ணு செத்தே போச்சு. மச்சான் அவன் ஷோரூம்லருந்து நல்ல புராசஸரா வாங்கிட்டு வந்து மாட்டினான், ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல. நீங்க போட்ட போர்டு டூப்ளிகேட்டாம். போர்டு காசை நீங்கதான் தரணும். மீதி ஏழுக்கும் புராசஸர் சொல்லியாச்சு, ஒரு லட்சத்துக்கு மேல எனக்குச் செலவு. அந்த முப்பத்தாறாயிரத்தை மறந்துடுங்க."

டூப்ளிகேட் போர்டா! வைண்டிங்காரர் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மனைவி கடையைப் பூட்டி, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "நீங்க போய்க் கத்துவீங்க. பேச ஒரு ஆள் வேணும்."

சென்டரில் வாடிக்கையாளர் என்று ஒரே ஒருவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து விளையாடும் கூரியர்காரர், நாலாம் எண் இருக்கையில் சலித்துக்கொண்டிருந்தார். முதல் மெஷினின் பக்கக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஃபேன் ஓடியது. திரை இருட்டு.

"பாருங்க பெரியவரே, உங்க போர்டோட லட்சணம். பதினேழாயிரத்து ஐந்நூறு புராசஸர் போட்டதும் தாங்க முடியாமப் படுத்துடுச்சு" என்றான் மச்சினன்.

வைண்டிங்காரர் திறந்த வாயை மூடினார். இத்தனை வருடத்தில் இருட்டுத் திரையை எத்தனை பார்த்திருப்பார்! கை தானாக நீண்டது.

"புராசஸரோட அட்டைப்பெட்டியைக் குடு."

எண்ணைப் படித்தார். அதன் வாலில் ஒரே ஒரு எழுத்து. உள்ளே படம் இல்லாத ரகம் என்று சொல்கிற எழுத்து.

"இது படம் காட்டாத ரகம்னு தெரியுமா உனக்கு?"

"அதான் கார்டு இருக்கே."

"கார்டு இருக்கு. கேபிள் எங்க இருக்கு?"

வைண்டிங்காரர் மேசையைப் பிடித்து இழுத்து, முட்டி போட்டு, மெஷினின் முதுகைப் பார்த்தார். மானிட்டர் கேபிள் மேலே, போர்டின் துளையில் செருகியிருந்தது. கீழே கார்டின் துளைகளில் அவர் கையால் அடைத்த கறுப்பு மூடிகள் அடைத்தபடியே இருந்தன. நகர்ந்து போய் இரண்டாம் மெஷினைப் பார்த்தார். அப்படியே. மூன்றாவதும். எட்டும். கூரியர்காரரின் மெஷினில் கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கக் கதவைக் கழற்றி கார்டின் முதுகில் புறங்கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. சூடேறினால் சுற்றும் அதன் ஃபேன் இறக்கையில் மூன்று மாதத் தூசி.

"மூணு மாசமா..." என்றார். "மூணு மாசமா ஒரு கார்டுகூட வேலை செய்யல. கேபிளை போர்டுல செருகினா கார்டுக்கு ஏது வேலை? எட்டு கார்டும் சம்பளம் வாங்காத விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கு. கேம் முழுக்க அந்த ஏழாயிரத்து ஐந்நூறு புராசஸர் ஒத்தையா இழுத்திருக்கு. தன் வேலையும் பாத்து, கண்ணு வேலையும் பாத்து! அதைப் போய் மட்டம்னு சொன்னீங்களே, உங்களுக்கு நாக்கு கூசல?"

நாலாம் மெஷினை நிறுத்தி, மூடியைப் பிடுங்கி, கேபிளை மாற்றிச் செருகி மறுபடி ஓட விட்டார். கார்டின் ஃபேன் தூசியை உதறிக்கொண்டு கிளம்பியது. கூரியர்காரர் இரண்டு நிமிடம் விளையாடிவிட்டு நாற்காலியோடு எழுந்தே விட்டார்.

"யோவ் சென்டர்காரரே! மழை பெய்யிறது தனித்தனியாத் தெரியுதுய்யா! இவ்வளவு நாள் என்கிட்ட எதுக்குய்யா காசு வாங்கினே?"

முதல் மெஷினிலும் கேபிளை மாற்றினார். செத்துப்போன டூப்ளிகேட் போர்டு எழுந்து உட்கார்ந்தது.

மச்சினன் கழுத்து அட்டையைத் தடவினான். "மூடி போட்டு அடைச்சிருந்தா யாருக்குத் தெரியும்? அது யூஸ் பண்ணக் கூடாத ஓட்டைன்னு நெனச்சேன். தெறந்திருந்ததுல செருகினேன். படமும் வந்துச்சு. மூடி போட்டது யாரு?"

வைண்டிங்காரரைச் சட்டென்று ஏதோ குத்தியது. மூடி போட்டது அவர். போட்டதைச் சொல்லாமல் வந்ததும் அவர். போதாக்குறைக்கு, ஆயிரம் அதிகம் கொடுத்துப் படம் உள்ள ரகத்தை வாங்கி, செட்டிங்கையும் மாற்றி வைத்தார். கஞ்சத்தனம் பண்ணி மலிவு ரகத்தைப் போட்டிருந்தால் முதல் நாளே திரை இருட்டி, அன்றைக்கே கூப்பிட்டிருப்பார்கள். மூன்று மாதப் பழியும் இல்லை. நல்லது நினைத்துச் செய்த இரண்டும் சேர்ந்து அவர் கழுத்தையே பிடித்திருந்தன. இது எந்த ஊர் நியாயம்?

"நான்தான் போட்டேன்" என்றார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. "இங்க பறந்த சுவர்த் தூள் உள்ள போகக் கூடாதுன்னு போட்டேன். தெனமும் அம்பது மெஷின் பாக்கிறவனுக்கு மூடி எதுன்னு தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ பொட்டியத் தொறந்தே பாத்ததில்ல. லிஸ்டு மட்டும்தான் எழுதியிருக்கே."

சென்டர்காரர் குரலைத் தாழ்த்தினார். "சரிண்ணே, ரெண்டு பக்கமும் தப்பு. பாதி பாதி. பதினெட்டாயிரம் வாங்கிக்குங்க. மூணு மாசம் எனக்கும் நஷ்டம்."

"உங்க நஷ்டத்தை உங்க மச்சான் கமிஷன்ல கழிச்சுக்குங்க! என் கூலியில ஒரு காசு கொறையாது. கடைவீதி முழுக்க என்னை ஏமாத்துக்காரன்னு சொன்னீங்களே, அதுக்கு நான் காசு கேட்டேனா? கேட்டா உங்க சென்டரை எழுதிக் குடுத்தாலும் காணாது."

"போன்ல அனுப்பி வைக்கிறேண்ணே, சாயங்காலத்துக்குள்ள."

"மூணு மாசமா எத்தனை சாயங்காலம் வந்துச்சு!" வைண்டிங்காரர் மூன்றாம் எண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கையில வைங்க. வச்சாத்தான் மீதி ஆறு கேபிளை மாத்துவேன்."

"நாங்களே மாத்திக்க மாட்டோமா?" என்று மச்சினன் முனகினான்.

"நீ கேபிளைத் தொட்டுடுவியா?" என்றார் கூரியர்காரர். சென்டர்காரரே சிரித்துவிட்டார்.

அதுவரை வாசலோரம் நின்றிருந்த மனைவி நோட்டைப் பிரித்தார். "தம்பி, கணக்கு முப்பத்தாறாயிரம். அதுல எண்ணூறு கழிச்சுக்குங்க."

வைண்டிங்காரர் நாற்காலியிலிருந்து துள்ளினார். "யாரைக் கேட்டுக் கழிக்கிறே? எதுக்கு எண்ணூறு?"

"மூடி போட்டுட்டுச் சொல்லாம வந்ததுக்கு. மெஷினுக்கு நூறு."

"நான் அவனுக்கு எட்டாயிரம் சேத்துப் போட்டிருக்கேன்டி!"

"அது நீங்களா ஆசைப்பட்டுச் செஞ்சது. அதை யாரும் கேக்கல. இது நம்ம தப்பு. இதைக் கழிச்சுட்டா நாளைக்கு எவனும் நம்மளைப் பத்தி வாய் தெறக்க முடியாது. தம்பி, கழிச்சதைக் கடைவீதியிலயும் சொல்லுங்க. கேபிள் எங்க இருந்துச்சுங்கறதையும் சேத்துச் சொல்லணும். மூக்குக்கண்ணாடிக் கடையில மொதல்ல சொல்லுங்க."

"சொல்றேன்க்கா" என்றார் சென்டர்காரர், தலையைச் சொறிந்துகொண்டு.

சென்டர்காரர் பணம் எடுக்க இழுப்பறைப் பக்கம் போன பிறகே வைண்டிங்காரர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மீதி ஆறு கேபிளையும் மாற்றத் தொடங்கினார். தன் பணத்தைத் தன் பெண்டாட்டியே கழிப்பாளா? அவர் பிடுங்கிய ஒவ்வொரு மூடியும் மேசைமேல் டக், டக் என்று விழுந்தது. சென்டர்காரர் இழுப்பறையைக் கவிழ்த்தார். இருபத்தோராயிரம்தான் தேறியது. மச்சினன் பர்ஸைத் திறந்தான், பிறகு தெருமுனை ஏடிஎம்முக்குப் போய்விட்டு வந்தான். வரும்போது கழுத்தில் அட்டை இல்லை.

"எண்ணுங்க. என் காதுக்குக் கேக்கற மாதிரி எண்ணுங்க" என்றார் வைண்டிங்காரர்.

வலது கையைச் சட்டையில் துடைத்து நீட்டினார். கார்டின் தூசி ரேகைகளில் ஒட்டியிருந்தது. முகத்தை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொண்டார். சென்டர்காரர் ஒவ்வொரு தாளாகச் சத்தமாக எண்ணி அந்த விரித்த உள்ளங்கையில் வைத்தார். மனைவி உதட்டுக்குள் கூடவே எண்ணினார். எழுபது ஐந்நூறு தாள், அதன்மேல் இரண்டு நூறு.